யாரலூ கிளப்பின் இறைச்சிக் குலுக்கல்

இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, உப்புக் காரம் சேர்க்கவும் இல்லை. வலக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னால் இரண்டு கையையும் தூக்கலாம். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், விக்டோரியா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் யாரலூ என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெரிய தெருவில் கெவ் என்பவரின் கசாப்புக்கடை இருக்கிறது. நேரே போய் விசாரித்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் வருகிற இறைச்சி அத்தனையும் அந்தக் கடையில் வெட்டியதுதான்.

நெவில் பாஸ்கோ ஐம்பத்தேழு வயதில் படிக்கப் போனார். போனார் என்றால் சமையலறை மேசை வரைக்கும் போனார். அதற்குமுன் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர். மீட்டர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே அனுப்பக் கற்றுக்கொண்டதும், வாரியம் அவருக்கு ஒரு கேக்கைக் கொடுத்துக் கையைக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரும்புப் பெட்டிக்கு இருக்கிற புத்தி தனக்கு இல்லை என்பதை நெவில் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து வேலிக்கு வெள்ளை அடித்தார். காய்ந்ததும் மறுபடி அடித்தார். மூன்றாவது முறை டப்பாவைத் திறந்தபோது மனைவி நோலீன் மூடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேலிக்கு மூச்சு முட்டுது நெவ். போய் ஏதாவது படி."

வட்டாரக் கவுன்சில் அப்போது பிசினஸ் அனலிஸ்ட் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. கணினியில் ஒரு வேலையைச் செய்யவைக்குமுன், அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் போய் உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிவர ஓர் ஆள். கேட்டு எழுதுவதுதானே, வாழ்நாள் முழுக்கப் பார்த்து எழுதியவருக்கு இது பெரிய விஷயமா? படிப்பை முடித்துவிட்டு வாருங்கள், நாற்காலி உங்களுக்குத்தான் என்று கவுன்சிலிலும் சொல்லிவிட்டார்கள்.

படிப்பு இணையத்தில் நடந்தது. ஆசிரியை தூரத்தில் ஜீலாங் நகரத்தில் இருந்தார். கடைசித் தேர்வு இதுதான்: உண்மையான ஓர் அமைப்பிடம் போய்த் தேவைகளைத் திரட்ட வேண்டும். அதே கல்லூரியில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் அதன்படி ஒரு செயலியைச் செய்து தருவார்கள். அந்த அமைப்பின் பொறுப்பாளர், "எங்களுக்கு வேண்டியது இதுதான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் நாற்காலி. விழாவிட்டால் வேலி.

யாரலூவில் உண்மையான அமைப்பு என்றால் புல்தரையில் பந்து உருட்டுகிற கிளப் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலையானால் ஊர் அங்கேதான் இருக்கும். இறைச்சிக் குலுக்கலும் அன்றைக்குத்தான். ஒரு டாலர் கொடுத்தால் ஒரு சீட்டு. ஜெயித்தால் ஆட்டு விலா, சாசேஜ், பேக்கன், பெரிய ஸ்டேக் எல்லாம் அடுக்கிய தட்டு. சீட்டு விற்பதும் குலுக்கி எடுப்பதும் செயலாளர் பெரில் ஹாடோ. எழுபது தாண்டிய பெண்மணி. புல் வெட்டுகிற வண்டியை ஓட்டுவதும் அவர்தான். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் சீட்டுகளைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து நிறத்தையும் எண்ணையும் சத்தமாகப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றுவது பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக.

நெவில் புது நோட்டும் முகத்தில் ஒரு அலுவல் தோரணையுமாகப் போய் அவர் எதிரே உட்கார்ந்தார்.

"பெரில், இந்தக் கிளப்புல உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"நீதான். அது நான் உக்கார்ற இடம்."

நெவில் அதை எழுதிக்கொண்டார். ஒருவர் சொல்வதன் அடியில் உள்ளதைத் தோண்ட, ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது பாடம்.

"குலுக்கல் ஏன் நடத்துறீங்க?"

"புல்லு வெட்டுற வண்டிக்குப் பெட்ரோல் போட."

"புல்லு ஏன் வெட்டணும்?"

"வளருதுப்பா."

"ஏன் வளருது?"

"நெவ், இன்னொரு 'ஏன்' கேட்டே, இந்தக் குவளை ஏன் உன் மண்டையில இருக்குன்னு ஆஸ்பத்திரில உன்னையக் கேப்பாங்க."

மூன்று ஏனோடு தோண்டுவதை நிறுத்திக்கொண்டு, மேசை மேசையாகப் போனார். ஒருவர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டார். இன்னொருவர் நெவில் கொஞ்சம் நகர்ந்தால் டிவி தெரியும் என்றார். கடைசியில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட இருக்கும் சிநேகிதர் கிளாரி டிரெம்பாத்திடம் வந்தார்.

"கிளாரி, குலுக்கல்ல எல்லாருக்கும் சமமான வாய்ப்பு இருக்கணுமா?"

கிளாரி பீரைப் பார்த்தார். பெரிலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ஆமா... இல்ல, நெவ்."

அந்த ஊரில் மறுப்பதென்றால் அப்படித்தான் மறுப்பார்கள். எதிராளி மனம் புண்படாமல் இருக்க முதலில் ஒரு ஆமாவைப் போட்டு, அதன்மேல் இல்லையை மெதுவாக இறக்கி வைப்பார்கள். யாரலூவில் பிறந்த நெவிலுக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. அன்றைக்கு வரைக்கும் அவரே யாருக்கும் வேறு மாதிரி மறுத்ததில்லை. ஆனால் கல்லூரி அனுப்பிய படிவத்தில் 'ஆம்' என்று ஒரு கட்டமும் 'இல்லை' என்று ஒரு கட்டமும்தான் இருந்தன. முதலில் காதில் விழுந்தது ஆமாதான். டிக் அடித்தார். கேட்ட அத்தனை பேரும் "ஆமா, இல்ல" என்றார்கள். அத்தனைக்கும் ஆமில் டிக். மீட்டரைப் பார்த்து எழுதும்போது ஒருநாளும் இவ்வளவு பெரிய தப்பு செய்யாதவர், படித்ததும் செய்துவிட்டார்.

"எல்லோருக்கும் சம வாய்ப்பு. மனிதக் கை படக்கூடாது." இதுதான் அவர் ஜீலாங்குக்கு எழுதி அனுப்பியது. பிள்ளைகள் எழுதியதை எழுதியபடியே செய்து அனுப்பினார்கள். அதுதான் கேடு.

முதல் வெள்ளிக்கிழமை பெரிய டிவியில் எண்கள் சுழன்றன. நீலம், பதினேழு. நெவிலின் சீட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வெள்ளி மஞ்சள், நாற்பது. அதுவும் நெவில். ஒருவர் மட்டும் கைதட்டினார், அதுவும் கொசு அடித்தது என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது வாரம் சீட்டே வாங்கவில்லை. பிறந்தநாள் பரிசு என்று கிளாரி ஒரு சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். தட்டு வந்தது. அதற்கடுத்த வாரம் ஊரிலேயே இருக்கவேண்டாம் என்று பெண்டிகோவில் உள்ள தங்கை வீட்டுக்கு ஓடினார். கிளப்பில் மறந்து மாட்டிவைத்த ஸ்வெட்டரின் பையில் எப்போதோ வாங்கி வைத்த சீட்டு இருந்தது. தட்டு தபால் வண்டியில் பெண்டிகோவுக்கு வந்தது.

வீட்டு ஃப்ரீசர் மூடவில்லை. நாய் தின்று கொழுத்து, கதவில் அதற்கென்று வெட்டிய ஓட்டையில் நுழைய முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் தச்சரை அழைக்க வேண்டியதாயிற்று. தெருவில் நெவில் நடந்தால் பின்னால் ஊர் நாய்கள் கட்சி ஊர்வலம் போல வந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இது ரத்தமா, கிரேவியா?" என்று கேட்டார். ஆசிரியையிடம் முறையிட்டபோது, பிள்ளைகள் செயலியை லட்சம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குற்றமில்லை என்றார்கள். இப்படி நடக்க வாய்ப்பு உண்டுதான், ஆனால் உலகம் அழிவதற்குள் நடக்காது என்றார் ஆசிரியை.

பெரிலிடம் படிவத்தை நீட்டினார் நெவில்.

"கையெழுத்தா? நாங்க கேட்டது இதாப்பா?"

"நீங்க சொன்னதத்தான எழுதினேன், பெரில்."

"ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெரில் புல் வெட்டுகிற வண்டியில் ஏறிப் போய்விட்டார். இந்த முறை நெவிலுக்கு இரண்டாவது சொல்லும் காதில் விழுந்தது.

மூலை மேசையில் கீத் ஹாஸ்கின் உட்கார்ந்திருப்பார். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கண் மங்கி உரிமம் போய், மூன்று பிள்ளைகளோடு நிற்கிறவர். வாரம் ஒரே ஒரு சீட்டு வாங்குவார். இரவு யாரும் பார்க்காதபடி நெவில் அவர் வாசலில் ஒரு தட்டை வைத்துவிட்டு வந்தார். விடிந்ததும் தட்டு நெவில் வாசலிலேயே இருந்தது, மேலே ஒரு பாட்டில் பிளம் ஜாமோடு. தட்டைக் கொடுத்தால் தட்டும் ஜாமும் திரும்பி வருகிற ஊரில் கணக்குப் பார்த்தவர்தானே அவர், இது தெரியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தெரியும். படிக்கத் தொடங்கியபிறகுதான் மறந்துவிட்டது.

சனிக்கிழமை புல்தரையில் கிளாரியிடம் புலம்பினார்.

"சும்மா கொடுத்தா கீத் வாங்க மாட்டேங்கிறான்ப்பா."

"ஜெயிச்சா வாங்குவான்" என்றார் கிளாரி, பந்தை உருட்டிவிட்டு. "நீ வாங்கலியா?"

"நான் எப்ப?"

"வாரியம் உன்னைய அனுப்பிச்ச வருஷம். அந்தக் குளிர்காலம் பூரா யாருப்பா தட்டு தூக்கிட்டுப் போனது?"

"அது... அதிர்ஷ்டம்."

கிளாரி சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். "அதிர்ஷ்டம்! ஏன்டா, பெரிலுக்குக் கண்ணாடி இல்லாம எதுத்தாப்புல நிக்கிறது ஆளா மாடான்னே தெரியாது. அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டு எப்படிடா நம்பரப் படிக்கும்?"

நெவில் கையிலிருந்த பந்தைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். எத்தனை வெள்ளிக்கிழமை, முதல் வரிசையில், நோட்டுப் புத்தகத்தோடு! 'பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கோடு வேறு போட்டிருந்தார். சீட்டு விற்றவர் பெரில்தானே, யாரிடம் எந்த எண் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"ஜெயிக்கிறவனத் தவிர."

"நான் வந்து கேட்டேனே! ஏன்டா ஒருத்தரும் சொல்லல?"

"கேட்டியேன்னுதான் சொல்லல. வாய விட்டுச் சொன்னா அப்புறம் அது தர்மம் ஆயிருமேடா. சொல்லாத வரைக்கும் குலுக்கல்."

தனக்குக் கிடைத்த தட்டுகளை நினைத்தபடி நெவில் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அந்தக் குளிர்காலத்தில் தினமும் நோலீனிடம், பார்த்தாயா, இறைச்சி விஷயத்தில் எனக்குக் கைராசி உண்டு என்று மார்தட்டியது நினைவுக்கு வந்தது. நோலீனுக்கும் அப்போதே தெரிந்திருக்கும். அதை நினைக்கக் காலைவிட அதிகமாக வலித்தது.

ஆனால் இதை எப்படித் தேவை என்று எழுதுவது? "செயலி ஏமாற்ற வேண்டும்" என்று எழுதினால் ஆசிரியை விடமாட்டார். எழுதினால் ஊரும் விடாது. சமையலறை மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்து, பழையதை அடித்துவிட்டு, இரண்டே வரி எழுதினார். ஒன்று: எண் பெரிய டிவியில் வரக்கூடாது, செயலாளரின் பக்கம் திரும்பிய சின்னத் திரையில் மட்டும் வரவேண்டும். இரண்டு: எழுத்து எறும்பு அளவில் இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. எண்கள் சுழன்று நின்றன. பெரில் சின்னத் திரையைப் பார்த்தார். நெவிலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"பச்சை, இருபத்தொண்ணு!"

கீத் ஹாஸ்கின் சீட்டைப் பார்த்து, மறுபடி பார்த்து, எழுந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. "அட, எனக்கு இன்னிக்கு நேரம் நல்லா இருக்கு போல!"

"பொழைச்சோம்!" என்று யாரோ கத்தினார்கள். "இனியும் நெவ் ஜெயிச்சிருந்தா நான் கேரட்டு தின்னப் போயிருப்பேன்."

திரையில் உண்மையில் வந்திருந்தது நெவிலின் எண்தான். அது பெரிலுக்கும், அவர் பார்த்த பார்வையில் நெவிலுக்கும் மட்டும் தெரியும்.

பெரில் படிவத்தை இழுத்து, கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார். அது கோட்டுக்கு மேல் விழாமல் நெவிலின் கட்டைவிரல் நகத்தில் தொடங்கியது.

"இப்பத்தான் நீ கேட்டிருக்கே" என்றார்.

எழுத்து யாராலும் படிக்க முடியாத அளவில் இருக்கிறது, பயனர்களைப் பற்றி மாணவருக்கு அக்கறையே இல்லை என்று ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்தார். தேறுவதற்கு வேண்டியது மிஞ்சியது. திங்கட்கிழமை நெவில் கவுன்சில் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலையாக நூலகத்துக்கு அனுப்பினார்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், மாலை வரைக்கும் ஒரு ஓரத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: யாரலூவில் எந்தக் காலத்திலும் கசாப்புக்கடை இருந்ததில்லை.