உற்றுநோக்க ஓர் ஆள்

ஆரன் வகுப்புக்குள் வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு கண்ணை மூடுவார். பிறகு, "தரையைக் கேளுங்கள்" என்பார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையைக் கேட்டார்கள். கீழே இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நன்றாகவே கேட்டது.

தொழில்முறைக் கலைஞர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி, பிள்ளைகளுக்குள் உறங்கும் கலையைத் தட்டி எழுப்புவது சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் தொண்டு. சங்கரன்கோவிலில் விசைத்தறி முதலாளி கோமதிசங்கர் நடத்தும் பள்ளிக்கு அது அனுப்பிய நாடகக் கலைஞர்தான் ஆரன். சொந்தப் பெயர் செல்லச்சாமி. சொந்த ஊர் இளையரசனேந்தல். டவுன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். இரண்டையும் அவர் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அறக்கட்டளைக்குக் கொடுத்த குறிப்பில், பாரிஸ் நகரில் நாடகம் பயின்றவர் என்று இருந்தது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் நடத்திய பட்டறையில் மரமாக நின்றது வரை உண்மை. மீதித் தூரத்தைக் கற்பனையில் கடந்திருந்தார்.

அறக்கட்டளையின் பிரேமலதா வந்து வகுப்பைப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆரனுக்கு மாவட்டம் முழுவதற்குமான கலைப் பயிற்றுநர் வேலை, அதுவும் நிரந்தரமாக. அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் மனைவி சங்கரேஸ்வரியை அழைத்துவர முடியும். பொங்கலுக்குத் தாய்வீடு போனவள், வரவில்லை. மாமனார் கதவை மறித்து நிற்கவெல்லாம் இல்லை. காப்பி கொடுத்துத்தான் சொன்னார்.

"மரமா நடிச்சிய, காத்தா நடிச்சிய, எல்லாம் சரிதான் மாப்ள. வேலைக்குப் போற ஆளா ஒருக்கா நடிச்சுக் காட்டுங்க. பிள்ளைய அனுப்புதேன்."

ஆரனிடம் ஒரு முறை இருந்தது. ஒருவரை உற்றுநோக்கி, அவராகவே மாறிவிட வேண்டும். கேட்டதுமே கோமதிசங்கர் கையை உயர்த்தினார்.

"தம்பி, வாத்தியார்மாரப் போல யாரும் நடிக்கப்படாது. டிசிப்ளின் போயிரும். என்னப் போல நடிக்கவே படாது."

வீட்டு மனிதர்களை ஆரனே விலக்கினார். பாசம் கண்ணை மறைக்கும் என்றார். "அந்நியனைப் பாருங்கள். அவன் முதுகெலும்பைத் திருடுங்கள். கற்பனை வேண்டாம். கண்டதைச் செய்யுங்கள்."

"எப்ப சார் பாக்க?" என்று ஃபஹீமா எழுந்தாள். வகுப்பில் சந்தேகம் கேட்பது அவள் ஒருத்திதான். "காலைல வேன். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அது முடிஞ்சா டியூஷன். வெளியாளுன்னா வேன் டிரைவரு மண்டை மட்டுந்தான் சார் தெரியும்."

"கலைஞன் நேரம் கேட்கமாட்டான்" என்றார் ஆரன், கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அப்படிப் பார்த்தபடி பேசினால் நன்றாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கோமதிசங்கரின் பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளை கிடையாது. வந்தால் வெயிலில் நிற்க வேண்டும்.

பிரேமலதா வந்தார். கோமதிசங்கர் சால்வை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் சுவரோரம் அமர்ந்தார்கள். ஆரன் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, "வா" என்றார்.

ஃபஹீமா நடுவில் வந்தாள். இல்லாத செருப்பைக் கழற்றினாள். நெற்றியில் இல்லாத முடியை இரண்டு விரலால் ஒதுக்கிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். யாரோ ஒரு வீண்பெருமைக்காரனை அச்சாகப் பிடித்திருக்கிறாள் என்று ஆரன் பூரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டபோதுதான் அவருடைய கன்னம் தானாக வெளியே வந்தது.

அடுத்து ஜெயசித்ரா. கோமதிசங்கரின் அறை வாசலில் நிற்கும் ஒருவராக மாறினாள். உள்ளே போகுமுன் முதுகு நிமிர்ந்திருந்தது. போனதும் வளைந்தது. "சரிங்க அண்ணாச்சி. அப்படியே செஞ்சிருவோம் அண்ணாச்சி." வெளியே வந்ததும் மறுபடி நிமிர்ந்தது. கோமதிசங்கர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிறகு முத்துமணி. டிபன் டப்பா கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்குவதுபோல் நடந்தான். கையைக் காதில் வைத்து, வாயை மறைத்துக்கொண்டான்.

"மாமா, நான் செல்லச்சாமி பேசுதேன். ஆயிரும் மாமா. அந்த அம்மா வாரா, பாத்ததும் ஆர்டர் போட்டுருவா. பாரிசா? அது சும்மா எழுதுனது மாமா. அவ்வோ எங்க போயி விசாரிக்கப் போறாவ. அவள ஒரு நிமிசம் பேசச் சொல்லுங்க. தூங்குதாளா? பட்டப்பகல்லயா? சரி. சரி மாமா."

கையை இறக்கியவன், இல்லாத போனைச் சட்டையில் துடைத்தான். பிரேமலதா கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எக்ஸலண்ட். யார் இந்த கேரக்டர்?"

"கற்பனைப் பாத்திரம், மேடம்" என்றார் ஆரன். "குழந்தைகள் கூடி உருவாக்கியது."

முத்துமணிக்கு முகம் வாடிவிட்டது. "இல்ல மிஸ். கண்டதத்தான் செஞ்சேன். கற்பனை கூடாதுன்னு சார்தான் சொன்னாவ."

"அப்போ யாரைப் பார்த்தே?"

"டீச்சர் கூடாது, வீட்டாளு கூடாது மிஸ்" என்றாள் ஃபஹீமா. "பொறவு இங்கன வேற யாரு இருக்கா?"

வகுப்பு முழுக்க ஒரே பக்கம் திரும்பியது.

கோமதிசங்கரின் அறையில் பிரேமலதா கனிவாகப் பேசினார். அவருக்குக் கனிவாக மட்டுமே பேச வரும். "உங்க மெத்தட் பிரமாதம், ஆரன். சாரி, செல்லச்சாமி இல்லையா? மாவட்டம் முழுக்க இதை எடுத்துட்டுப் போறோம். ஆனா உங்களை எடுக்க முடியாது. ப்ரொஃபைல்ல பொய் இருந்தா போர்டுல எனக்குச் சங்கடம். புரிஞ்சுக்குவீங்க, நீங்க சென்சிட்டிவான ஆளு."

"ஆளு எதுக்கு மேடம்?" என்றார் கோமதிசங்கர். "நம்ம பி.டி. மாஸ்டர் கிரவுண்டுல சும்மாத்தான் நிக்காரு. ஒருத்தனப் பாருங்கலேன்னு சொல்லணும், அவ்வளவுதான?" ஆரன் பக்கம் திரும்பினார். இதுவரை தம்பி என்று அழைத்தவர். "ஏன் வே, உமக்கு எந்த ஊரு?"

"இளையரசனேந்தல், அண்ணாச்சி."

"அட, எங்க தறியில பாதி ஆளு அங்கனதான். முன்னாடியே சொல்லியிருந்தா தறியிலயே சேத்து விட்டிருப்பேனே. இப்ப அங்கயும் ஆளு போட்டாச்சு."

"சரிங்க அண்ணாச்சி" என்றார் செல்லச்சாமி. முதுகு வளைந்தது அவருக்கே தெரிந்தது. வெளியே வந்தபிறகும் அது நிமிரவில்லை.

வாசல் கேட்டருகே வந்து போனை எடுத்தார். மாமாவின் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நின்றார். யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. வேனுக்குக் காத்திருந்த ஃபஹீமா, புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"சார், போயிராதிய. ஒரு நிமிசம் அப்படியே நில்லுங்க."

நின்றார். அவள் தோளைத் தொங்கவிட்டாள். கழுத்தை இறக்கினாள். கையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"போன இன்னும் கீழ பிடி" என்றார், அவரையும் மீறி. "பேச மனசில்லாதவனுக்குக் கை நெஞ்சு வரைக்கும் வராது."

கையை இறக்கினாள். சரியாக இருந்தது. அதற்குள் போன் அடித்தது. மாமாதான்.

"எடுங்க சார்" என்றாள் ஃபஹீமா. "நீங்க கூப்பிட்டுத்தான் பாத்திருக்கோம். எடுத்துப் பேசிப் பாத்ததில்ல."

எடுத்தார். "மாமா" என்றார்.

எதிரே அவளுடைய உதடுகளும் சத்தமில்லாமல் அதையே சொல்லிப் பார்த்தன.