டாக்டர் வீடு

எங்கள் தெருவில் யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. வீடுதான் தெரியும். மூலை வீடு, பச்சை கேட் வீடு, ரெண்டு கார் நிற்கிற வீடு. அந்தந்த கேட்டைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் அவர்தான் அந்த வீட்டு மனிதர். நகரத்தின் இரைச்சல் வேண்டாம், ஒதுக்குப்புறமாக ஓர் இடம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இங்கே வந்தவள் நான்தான். அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொல்வேன்.

நாங்கள் வாங்கியது ஒரு கால்நடை டாக்டரின் வீடு. ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் திரும்பி வரவில்லை. வெளிநாட்டில் இருந்த மகன் வந்தார், எல்லாவற்றையும் முடித்தார், வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டு அடுத்த விமானத்தில் பறந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு மேல் எதுவும் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் செத்துப்போனதுகூடப் பக்கத்து வீட்டுக் காதில் விழாத அளவுக்கு அமைதி.

குடிவந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் கேட்டருகே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அம்மா கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

“வந்துட்டீங்களா டாக்டர்! உடம்பு தேவலையா? ஆஸ்பத்திரிக்குப் போய் வயசையே குறைச்சுட்டு வந்துட்டீங்களே! இவன் காதைக் கொஞ்சம் பாருங்க, ரெண்டு நாளா சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்.”

நாய் என்றால் இவருக்குப் பாதி உயிர் போய்விடும். காதலித்த காலத்தில் ஒரு குட்டி நாயைப் பார்த்து என்னை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிய வீரர். இப்போதும் ஓடுவார் என்று வேடிக்கை பார்க்கத் தயாரானேன். நாய் நேராக வந்து இவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. இவர் குனிந்து, அதன் காதை மடித்து, உள்ளே பார்த்தார்.

“டாக்டர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?” உள்ளே வந்ததும் கேட்டேன்.

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தம்மா விட்டாத்தானே? போகட்டும் விடு.”

சிரித்துவிட்டேன். மனிதர்கள் ஏமாறலாம், மூக்கை வைத்துப் பிழைக்கிற நாய் எப்படி ஏமாந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. லிஃப்ட் கம்பெனி வேலை போனதிலிருந்து இவர் நடைப்பிணமாகத்தான் இருந்தார். சோபாவோடு சோபாவாகக் கிடந்த மனிதரைத் தேடிச் சாயங்காலம் ஆனால் பூனையும் நாயுமாக ஆட்கள் வந்தார்கள். முகத்தில் களை வந்துவிட்டது. தானே ஷேவ் செய்துகொண்டார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். ஒருநாள் காலையில் கிளம்பும்போது, “மூலை வீட்டுப் பூனைக்கு மருந்து வாங்கிட்டு வா” என்று ஒரு பெயரைச் சொன்னார். எடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை வேளை என்பதும் மடமடவென்று வந்தது. கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. தலைவலி மாத்திரைக்கும் வயிற்றுவலி மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாதவர் இவர்.

“எங்க படிச்சீங்க இதை?” வீடு திரும்பியதும் கேட்டேன்.

“படிக்கல. தெரிஞ்சுது.”

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

எதிர் வீட்டு அம்மா ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. தலைக்கனம் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு காலையில் முன்புறக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், நடுவில் ஈரப் போர்வையோடு நான்.

“தனியா எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ டாக்டர். அவங்க போனதிலேருந்து வீடே வெறிச்சோடிப் போச்சு.”

அந்த டாக்டரின் மனைவியும் இறந்துபோனவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவர் மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். தலையாட்டினார். ஆத்திரத்தில் போர்வையை ஓங்கி உதறினேன். தண்ணீர் அந்த அம்மாவின் முகத்தில் தெறித்தது. அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

“தூறுது” என்றார். வீட்டுக்குள் போய்விட்டார்.

“நான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கறேன். அந்தம்மா என்னைச் செத்துட்டேன்னு சொல்லுது, நீங்க தலையாட்டறீங்க?”

இவர் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல விழித்தார். “நீ இங்கயா இருந்தே?”

அன்றிலிருந்து காலையில் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபிதான் போட்டார். நான் கத்தினால், “அட, மறந்துட்டேன்மா” என்று இன்னொன்று போடுவார். அசடு வழியும் அந்தச் சிரிப்பு என் பழைய கணவருடையது. அதைப் பார்ப்பதற்காகவே ஒன்றிரண்டு முறை வேண்டுமென்றே கத்தினேன். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். “போகலாம். ஆனா இதுங்களை யார் பாப்பாங்க?” என்றார்.

கடையில் எல்லோர் கண்ணிலும் நான் படுகிறேன். மாத்திரை தரத் தாமதமானால் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு எவ்வளவு இதமாக இருந்தது! பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பினால் ஒருவர் கண்ணும் என்மேல் படாது. ஒரு சாயங்காலம் மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் என் தலைக்கு மேலே தெருவைப் பார்த்தார், இடமும் வலமும் பார்த்தார், சாத்தப்போனார். இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். சாவுக்கு நான் பயப்படவில்லை. உயிரோடு இருக்கும்போதே இந்த மனிதருக்கு நான் இல்லாமல் போய்விடுவேனோ என்றுதான் பயந்து செத்தேன்.

பட்டப்பகலில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இவர் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவைத் தாண்டி இழுத்துப் போனேன். எதிர் வீட்டு அம்மா வாசலில் நாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“இங்கேயே சொல்லுங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க. நான் யாரு?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார். கண் கலங்கியது.

“என் பொண்டாட்டி” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அழுதேவிட்டேன். இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட வேண்டும், கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட வேண்டும் என்று மனசு பறந்தது. எதிர் வீட்டு அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என்னைக் கடந்து போய் இவர் தோளைத் தட்டினார்.

“தெரியும் டாக்டர். போன வருஷம்தானே போனாங்க? பக்கத்துலயே இருக்கற மாதிரிதான் தோணும். எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“நான் இங்கதான் இருக்கேன்!” என்று தெருவே அதிரக் கத்தினேன். ஒரு வீட்டு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

இவர் என் விரல்களை மெல்ல அழுத்தினார்.

“ஆமாம்மா” என்றார் அந்த அம்மாவிடம். “இப்பக்கூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரியே இருக்கு.”