கட்டாத கயிறு

என் தங்கை புருஷன் லெப்போன் அந்த வருஷம் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. படகைக் கட்ட வேண்டுமா, கூப்பிடு என்னை. கோழிக்கூண்டுக்குப் பிரம்பு சுற்ற வேண்டுமா, கூப்பிடு என்னை. இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே சுற்றி அவன் கட்ட வேண்டியதையெல்லாம் நான் கட்டினேன்.

பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் எதையும் கட்டக்கூடாது. கட்டினால் உள்ளே பிள்ளைக்கு மூச்சு இறுகிவிடும். எங்கள் சிபேருத் தீவில் கெய்கெய் என்கிற இந்த விலக்கு எல்லா ஆம்பளைக்கும் தெரியும், எல்லாரும் காப்பதில்லை. லெப்போன் முன்பு காக்கவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பன்றிகள் தோட்டத்தில் புகுந்தன என்று வேலி கட்டினான். இரண்டாவது இருந்தபோது கூரை ஒழுகுகிறது என்று ஓலை கட்டினான். இரண்டு பிள்ளையும் அழாமலே பிறந்தன. என் தங்கை ரொசீனா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மூன்றாவது.

"மச்சான், இந்த மூட்டை வாயைக் கொஞ்சம் கட்டேன்."

"ஏன்டா, அவளுக்கு எப்ப வலி வர்றது, எனக்கு எப்ப விடுதலை வர்றது?"

"வாய் வைக்காத மச்சான்."

"வைக்கல மாப்ளே. நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். கொண்டா மூட்டையை."

நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்தும் நாங்கள் ஆற்றில் ஏறியதற்குக் காரணம் பெட்ரோல். அவளை முகத்துவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்குக் காசு தர ஊர் சுற்ற வருகிற ஒரு வெள்ளைக்காரன் வேண்டும். வந்து சேர்ந்தான், மத்தேயோ என்று ஓர் இத்தாலிக்காரன். தாடியும் கேமராவுமாக ஆறடி ஆள். கடைவீதி இந்தோனேசியப் பேச்சு கொஞ்சம் வரும். அதில் அவனுக்கு நன்றாக வந்தது ஒரே கேள்விதான்.

"இன்னும் உள்ளே போனா இன்னொரு வீடு இருக்கா?"

இருக்கும் ஐயா, உள்ளே போகப் போக வீடு இருக்கத்தான் செய்யும். அங்கேயும் ஆள்கள் சிகரெட் கேட்பார்கள், அங்கேயும் உங்கள் கேமராவைப் பார்த்ததும் கால்சட்டையைக் கழற்றிவிட்டு மரப்பட்டைக் கோவணம் கட்டுவார்கள், நீங்கள் திரும்பிய பிறகு கால்சட்டையை மாட்டுவார்கள். இதைச் சொல்ல எனக்குப் பாஷை போதாது, தெம்பும் இல்லை. அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தேன். நாய் படாத பாடு.

கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போது வழிமரத்தில் வழுக்கி விழுந்தான். எங்கள் காட்டில் சேற்றுக்கு மேல் மரத்தண்டு போட்டிருக்கும், அதன்மேல்தான் கால் வைத்துப் போக வேண்டும். அவன் மேலே ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டே வைத்தான். கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு பேரும் தூக்கி வந்து படகில் கிடத்தினோம். நமக்கென்று வந்து வாய்த்தானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆற்றில் இறங்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் தண்ணீருக்கடியில் கிடந்த கட்டையில் எஞ்சின் இடித்தது. தண்ணீரைத் தள்ளும் காற்றாடியைப் பிடித்திருக்கும் ஆணி முறிந்துபோயிற்று. மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது. படகைக் கரைக்குத் தள்ளி, ஒரு மரத்தில் நானே கட்டினேன்.

"பக்கத்து வீட்டுல ஆணி இருக்கும், வாங்கிட்டு வந்துடறேன். நீ இவன்கூட இரு" என்றேன்.

"சீக்கிரம் வா மச்சான். ரொசீனா காலையிலேயே முகம் சரியில்லாம இருந்தா."

பக்கத்து வீடு என்றால் சேறும் ஏற்றமும் தாண்டித்தான். வீட்டுக்காரன் சாகோ மாவுக்கு மரம் இடிக்கப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து, அவன் பெட்டியைக் கொட்டித் துழாவி, துருப்பிடித்த ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மழை பிடித்துவிட்டது. வழி முழுக்க லெப்போனையும் மத்தேயோவையும் என் முட்டியையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆற்றங்கரைக்கு வருவதற்கு முன்பே மத்தேயோவின் கூச்சல் கேட்டது.

ஆறு ஏறியிருந்தது. நான் கட்டிய மரத்தைக் காணோம். கரை இடிந்து மரத்தோடு போயிருந்தது. படகு நுரையில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் மத்தேயோ ஒற்றைக் காலில் எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தான். கரையில் லெப்போன் உட்கார்ந்திருந்தான். ஒரு வேரில் இரண்டு காலையும் உதைத்து, மல்லாக்கச் சாய்ந்து, படகுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கையில் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. வெறும் பிடி. அவன் தலைக்குப் பின்னால், எட்டினால் தொட்டுவிடலாம், நல்ல தடித்த மரம் ஒன்று நின்றது.

"பைத்தியமா இவன்? மரம் அங்கதானே இருக்கு! கட்டச் சொல்லு! கட்டச் சொல்லு!" என்று மத்தேயோ கத்தினான். தொண்டை கட்டிப்போயிருந்தது. வெகு நேரமாகக் கத்தியிருப்பான்.

கீழே வளைவில் வெள்ளம் கொண்டுவந்த மரங்கள் அடைந்து கிடந்தன. படகு அதில் மோதினால் கைகால் நன்றாக இருப்பவனே பிழைக்கமாட்டான்.

"மாப்ளே!" என்றேன்.

லெப்போன் திரும்பவில்லை. "விட்டா அவன் போயிடுவான். கட்டுனா என் புள்ள போயிடும். சீக்கிரம் மச்சான்" என்றான்.

கயிற்றின் வால் அவனுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து மரத்தில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. அந்தச் சின்ன வேலைக்காகத்தான் இந்த மனிதன் இவ்வளவு நேரம் மழையில் கிடந்திருக்கிறான்.

"கட்டியாச்சு, விடு" என்றேன்.

"விடுறேன்" என்றான். விரல் விடவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளங்கையில் தோல் இல்லை.

வெள்ளம் தணியக் காத்திருந்து, ஆணியை மாட்டி, படகைத் திருப்பினோம். அவன் கையில் இலையை வைத்து என் சட்டையைக் கிழித்துச் சுற்றினேன். எஞ்சினையும் நான்தான் பிடித்தேன். மத்தேயோ முதலில் வாய்க்கு வந்தபடி பேசினான். நான் காரணத்தைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில்: கயிறு, கட்டு, பிள்ளை, சாவு. அவன் லெப்போன் கையைப் பார்த்தான்.

"கட்டாமலே இருந்தும் பிள்ளை செத்துப்போனா?" என்று பிறகு கேட்டான். கெட்ட மனசில் கேட்கவில்லை.

லெப்போனுக்குக் கோபம் வரவில்லை. "செத்தா, நான் கட்டலைன்னு அவகிட்ட சொல்லலாம்" என்றான். பிறகு எங்கள் பேச்சில் என்னிடம் சொன்னான்: "ரெண்டு தடவையும் அவ ஒண்ணுமே கேக்கல மச்சான். கேட்டு நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூடத் தேவலை."

நான் எஞ்சினை இன்னும் முடுக்கினேன்.

வீட்டுத் துறைக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்வாசலில் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கெல்லாம் நேரம் தாண்டிவிட்டது என்று அப்போதே புரிந்தது. லெப்போன் படகிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எறங்குடா."

"நீ போய்ப் பாத்துட்டு வா மச்சான்."

"நான் பாத்து என்னடா ஆகப்போகுது? எறங்கு!"

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பூனை கத்துகிற மாதிரி சின்னச் சத்தம், பிறகு பெரிதாக. இரண்டு தடவையும் அந்த வீட்டில் கேட்காத சத்தம். லெப்போன் தண்ணீரில் குதித்து ஓடினான். ஓடியவன் ஏணியடியில் நின்றுவிட்டான். எங்கள் ஏணி வெட்டுப்படி போட்ட ஒற்றை மரத்தண்டு. கையால் பிடித்தால்தான் ஏறலாம். முழங்கையை வைத்துப் பார்த்தான், முடியவில்லை. நான் கீழேயிருந்து தோளைக் கொடுத்து, ஒரு மூட்டையைப் போல் மேலே தள்ளினேன். மத்தேயோ படகில் தனியாகக் கிடந்தான். எப்போதும் எதற்காவது கூப்பிடுகிறவன், அன்றைக்குக் கூப்பிடவில்லை.

ரொசீனா அடுப்புப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. பெண் பிள்ளை. அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"என்ன இது?"

"படகுக் கயிறு" என்று நான் சொன்னேன். "மரம் பேந்துக்கிட்டுப் போயிடுச்சு. நான் வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்."

"பக்கத்துல வேற மரம் இல்லையா?"

"இருந்துச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். "கட்டலையா?"

"கட்டல" என்றான் லெப்போன்.

அவள் அழுதாள். இரண்டு பிள்ளையைப் புதைத்தபோது அழாதவள், வீடே அதிரும்படி அழுதாள். பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். "உன்னத்தான் திட்டினேன்" என்றாள். "இத்தனை வருஷமும் மனசுக்குள்ள உன்னத்தான் திட்டினேன். திட்டிக்கிட்டேதான் உனக்கு சாகோ சுட்டுப் போட்டேன்."

"தெரியும்" என்றான் அவன்.

பிறகு பிள்ளையை நீட்டினாள். அவன் கையை நீட்டினான், விரல் மடங்கவில்லை. "விழுந்துடும்... மச்சான், நீ வாங்கு" என்றான்.

நான் வாங்கி அவனுடைய முன்கைகளின் மேல் வைத்தேன். ஒரு கோழிக்குஞ்சுக் கனம்கூட இல்லை. அதற்கே அவன் கைகள் உதறின. அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது. பிள்ளை தூங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.