கண்டி வீட்டுக்குப் போன பிள்ளை

எழுபத்து நான்காம் ஆண்டு. மாத்தளை டவுனில் பாண் ரொட்டிக்கே வரிசை நின்றது. மேலே தேயிலைத் தோட்டங்களில் அதுவும் இல்லை. தோட்டப் பதிவில் பேர் வெட்டப்பட்டு வேலை போன குடும்பங்கள் லயக் குடியிருப்புகளை விட்டு இறங்கிவந்து கடை வாசல்களில் படுத்துக் கிடந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒரு மாதர் சங்கம் அலுவிகாரைப் பக்கம் கொட்டகை போட்டுப் பால்மாக் கஞ்சி ஊற்றியது. கஞ்சி காய்ச்சியவள் ஹிதாயா. புருஷன் மௌத்தான பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள்.

பரிமளம் இரண்டு பிள்ளைகளோடு தினமும் வருவாள். மூத்தவள் சரோஜாதேவிக்கு எட்டு வயது. இளையவன் பட்டினியில் கால் வீங்கி, தாயின் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். ஒரு நாள் சங்கத் தலைவி ஜெஸீமா சிறுமியைப் பார்த்துவிட்டு, கண்டியில் தெரிந்த விடுதி ஒன்று இருப்பதாகவும் அங்கே சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்றும் சொன்னாள்.

பரிமளம் ஹிதாயாவைத்தான் பார்த்தாள். "அனுப்பலாங்களா அம்மா?"

"அனுப்பு பரிமளம். புள்ள பள்ளிக்கூடம் போகும்."

ஹிதாயா நம்பித்தான் சொன்னாள்.

சரோஜாதேவி போய்ச் சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கண்டி போன ஹிதாயா, பிள்ளைக்குத் தொதல் இனிப்பு வாங்கிக்கொண்டு விடுதியைத் தேடிப் போனாள். பரிமளத்திடம் கேட்டு வாங்கியிருந்த விலாசத்தில் விடுதி இல்லை. ஜெஸீமாவின் மகள் குடியிருந்த பெரிய வீடு இருந்தது. பின்பக்கக் குழாயடியில் சரோஜாதேவி குந்தியிருந்து சோற்றுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்கையில் ஆறாத தீக்காயம்.

"இது என்ன?"

"இஸ்திரிப் பெட்டி."

"பட்டுச்சா, வச்சாங்களா?"

சிறுமி மறுபடி சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். ஹிதாயா அவள் கையைப் பிடித்து எழுப்பி நடந்தாள். வீட்டுக்காரி பின்னால் கத்திக்கொண்டே கேட் வரை வந்தாள். பஸ்ஸில் பிள்ளை ஹிதாயாவின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

கொட்டகையில் இளையவன் சாக்கின் மேல் கிடந்தான். பரிமளம் மகளின் காயத்தைத் தடவினாள். பிறகு கொஞ்சம் சதை பிடித்திருந்த அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா கூட்டியாந்தீங்க?"

"சூடு வச்சிருக்காங்க பரிமளம்! பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பரிமளம் மகளிடம் திரும்பினாள். "சோறு போட்டாங்களாடி?"

"மிஞ்சினா போடுவாங்க. தினமும் மிஞ்சும்."

"இவனையே என்னால காப்பாத்த முடியலிங்க. இவளும் இங்க கெடந்து என்னத்தத் திம்பா? உங்க வீட்டுல வச்சுக்குவீங்களா?"

ஹிதாயா வாயைத் திறந்தாள். அண்ணன் மனைவி அவள் தட்டில் அளந்து போடும் சோறுதான் கண்ணுக்குள் வந்தது.

மறுநாள் காலை பரிமளமே பிள்ளையைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். ஏறமாட்டேன் என்று பஸ் ஸ்டாண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவளின் விரல்களைத் தாய்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று ஜெஸீமா கொட்டகைக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பாத்தீங்களா ஹிதாயா? தாயே கொண்டுவந்து விட்டுட்டா. நாங்க யாரையும் புடிச்சு வைக்கல்லயே."

ஹிதாயாவின் கையில் அகப்பை இருந்தது. எதிரே பிள்ளைகள் கோப்பைகளை நீட்டிக்கொண்டு நின்றன. அவள் குனிந்து கஞ்சியைக் கிளறி, முதலில் நின்ற பிள்ளைக்கு ஊற்றினாள்.