பின்பக்கக் கனம்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்த செபஸ்தியானின் தலைமாட்டில் வெற்றிலை எச்சில் வந்து விழுந்தது. துப்பியவர் பெரியண்ணப் பண்ணாடி. பட்டறை நின்ற இடம் அவருடையது. எங்கே துப்பலாம், எங்கே கூடாது என்று அவருக்கு யார் சொல்வது? செபஸ்தியான் கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

வண்டி யுத்தத்துக்கு முந்தைய செவர்லே. ஏற்காட்டுத் துரை ஒருவன் விட்டுப் போனது. பண்ணாடி அதை வாங்கி, பின்சீட்டைப் பிடுங்கி, அடியில் ஆழமாகத் தகரப் பெட்டி அடித்து, மேலே பழையபடி மெத்தை போட்டிருந்தார். வெற்றிலைக் கட்டு ஏற்றத்தான் என்றார். பரமத்தி வேலூரில் வெற்றிலையை எவனும் மெத்தைக்கு அடியில் ஒளித்து ஏற்றுவதில்லை. சர்க்கார் குடியை ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட வருஷங்கள் அவை. பண்ணாடியின் ஆற்றங்கரைத் தோப்பில் என்ன காய்ச்சுகிறார்கள் என்பது ஊருக்கே வெளிச்சம். செக்போஸ்ட் போலீஸ்காரன் முதலில் பார்ப்பது காரின் பின்பக்கத்தை. அது தாழ்ந்திருந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவான்.

அதற்காகத்தான் இந்த ஸ்பிரிங் வேலை. செபஸ்தியான் பெட்டிக்குள் மணல் மூட்டைகளை அடுக்கி, ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி மாற்றிப் பூட்டி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு அளந்து பார்த்தான். மெல்லிய பட்டைகள் போட்டால் கனத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்தது. பழைய லாரிப் பட்டைகளைச் சேர்த்தால் முழுக் கனத்திலும் மட்டமாக நின்றது. ஆனால் மூட்டையை இறக்கியதும் பின்பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டது.

"மெல்லிசே போட்டுக்கலாமுங்க பண்ணாடி. லாரிப் பட்டையின்னா, வெறும் வண்டி கல்லுல ஏறுறப்ப ஆளைத் தூக்கி எறியுமுங்க."

"வெறும் வண்டியில எவன்டா போறான்? லாரிப் பட்டையே போடு."

போட்டான். கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருந்ததால்தான் அந்தப் பட்டறை அதுவரை அங்கே நின்றிருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, அவன் மனைவி ரோசிக்கு உதிரம் போக ஆரம்பித்தது. எட்டாம் மாசம். முதல் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் போயின. இந்த முறை அலுங்கவே கூடாது, மாட்டு வண்டியில் ஏற்றினால் பிள்ளையை மறந்துவிடு என்று நர்சம்மா முன்பே சொல்லியிருந்தாள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் காரில்லாமல் போக வழியில்லை. செபஸ்தியான் பண்ணாடி வீட்டு வாசலில் போய் விழுந்தான்.

பண்ணாடி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டிரைவர் காத்தானைக் கூப்பிட்டு, தனியாக ஏதோ சொல்லி, உடனே எடுக்கச் சொன்னார். செபஸ்தியானுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா மனசுக்குள் அவ்வளவு திட்டினோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

கார் வந்து நின்றது. பின்பக்கம் மட்டமாக இருந்தது.

வெறும் வண்டி அப்படி நிற்காது. அது அவன் கையால் பூட்டிய ஸ்பிரிங். பெட்டி நிறையச் சரக்கு இருந்தது. ஆனாலும் ரோசியைத் தூக்கி அந்த மெத்தைமேல்தான் படுக்கவைத்தான். வேறென்ன செய்வான்?

கனத்தோடு வண்டி அலுங்காமல் போனது. "ஏனுங்க, தூளியாட்டம் போவுதுங்க," என்று ரோசி அந்த வலியிலும் சொன்னாள். செக்போஸ்டில் போலீஸ்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். சேலையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீக்கிரம் போகச் சொன்னான்.

நாமக்கல்லுக்கு முன்னால் காத்தான் வண்டியை ஒரு தோட்டத்துக்குள் திருப்பினான். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் இறக்கிக்கொள் என்று செபஸ்தியான் அவன் காலைப் பிடித்தான். டவுனுக்குள் சரக்கோடு போனால் தன் தோலை உரித்துவிடுவார்கள் என்றான் காத்தான். மெத்தைக்கு அடியில்தானே பெட்டி? ரோசியை இறக்கி, கிணற்றடியில் சாக்கை விரித்துப் போட்டார்கள். அங்கே நின்ற ஆட்கள் அவளைத் தாண்டித் தாண்டி டின்களைத் தூக்கிப் போனார்கள். ஒவ்வொன்றும் இறங்க இறங்க வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பிக்கொண்டு வந்தது.

செபஸ்தியான் வரப்போரம் ஓடினான். கிடைத்த கல்லையெல்லாம் வாரி வந்து பெட்டிக்குள் போட்டான். "பெட்டி சொட்டையாப் போகும் அண்ணே, பண்ணாடி என்னைக் கொன்னுபோடுவாரு," என்றான் காத்தான். செபஸ்தியான் காதில் வாங்கவில்லை. ஆனால் அவ்வளவு கனத்துக்கு அங்கே கல் ஏது? மீதித் தூரம் முழுக்க ஒவ்வொரு குழிக்கும் ரோசி அலறினாள். பிறகு அலறவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆண்.

சாயங்காலம் பண்ணாடி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு சீப்பு பழத்தை, சேதி கேட்டு வந்திருந்த ரோசியின் அக்கா மரியபுஷ்பத்திடம் கொடுத்தார். வார்டில் இருந்தவர்கள் அவருடைய பெரிய மனசைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வெளியே வந்து, செக்போஸ்டில் ஒருத்தனும் சோதிக்கவில்லையாமே என்று காத்தானிடம் சந்தோஷமாகக் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. கல்லைப் போட்டவனே இறக்கட்டும் என்றார். செபஸ்தியான் பிள்ளையைச் சுற்றிய துணி மூட்டையை மரியபுஷ்பத்தின் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். காலையில் அவர் வாசலில் விழுந்ததை நினைக்க நினைக்க அவனுக்குத் தன் உடம்பே அருவருத்தது.

பண்ணாடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பிள்ளையை ஊர்லதான் புதைக்கோணும்? எடுத்துக்கிட்டு ஏறு. பின்னால நடுவுல உக்காரு. கொஞ்சமாச்சும் கனம் இருந்தாத்தான் முன்னாடி தூக்கிப் போடாது."

ஏறினான். நடுவில் உட்கார்ந்தான். அவனுடைய கனம் அந்த ஸ்பிரிங்குக்குப் போதவில்லை. முதல் குழியிலேயே வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. செபஸ்தியான் இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கி, தலை அலுங்காமல் பிடித்துக்கொண்டான்.