அண்ணன் பல்

டிக்கெட் கவுண்டர்க்காரிக்குப் புதிதாக வைத்த முன்பற்கள் இரண்டும் அவளுடைய அண்ணனின் பற்களாக இருந்தன. பல் டாக்டரம்மா வைத்தது என்னவோ பீங்கான் பல்தான். தாடையெலும்பில் திருகாணி இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்து, அன்று காலை மேலே பல்லை மாட்டினார். கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போது இரண்டிலும் டீக்கறை படிந்திருந்தது, ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் வெச்சது இது இல்லைங்க" என்றார். எக்ஸ்ரேயில் திருகாணியைக் காணோம். வேரும் நரம்புமாக இரண்டு பற்கள் உயிரோடு நின்றன. அவளுக்குத்தான் பார்த்த மாத்திரத்தில் அவை யாருடையவை என்று தெரிந்தது. சோடா மூடியைக் கடித்துத் திறந்து அந்த ஓரத்தை உடைத்துக்கொண்டவன் அண்ணன்.

அவன் முகத்தைப் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. அவள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பதிவு அலுவலகப் படியிறங்கியபோது, லாரி மெக்கானிக்கான அண்ணன் அறைந்த அறையில் முன்பற்கள் இரண்டும் தெருவில் தெறித்தன. அதிலிருந்து வாயைப் பொத்தியே சிரித்தாள். கவுண்டர் மைக்கில் பேசினால் பாதி காற்றாகப் போனது. புருஷன் நச்சரித்து நச்சரித்துத்தான் பல் வைக்கச் சம்மதித்தாள்.

மறுநாள் அண்ணன் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றான். முந்தின நாள் காலை பட்டறையில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு வலியில்லாமல், ரத்தமில்லாமல் பற்கள் மறைந்து, ஈறு குழந்தையுடையதைப் போல வழவழவென்று ஆகிவிட்டது. எந்த இரண்டு பற்கள் என்று தடவிப் பார்த்ததும் அவனுக்குத் தங்கையைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

"என்னண்ணே?" என்று அவள் வாய் திறந்தாள். தன் பற்களைக் கண்ட அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்குப் போனதும் இதே ரெண்டுதானே?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொண்டான்.

"வா, பிடுங்கிக் குடுத்துடறேன். எனக்கு வேணாம்" என்று அவனைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் பல்லைப் பிடித்து லேசாக அசைத்தார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே பெஞ்சிலிருந்த அண்ணன் "ஐயோ, அம்மா!" என்று அலறி எழுந்தான். காத்திருந்தவர்கள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிப்போனார்கள். டாக்டரம்மாவின் கையிலிருந்து இடுக்கி நழுவி விழுந்தது.

"விட்டுடுங்க டாக்டரம்மா" என்றான் அண்ணன், தாடையைப் பிடித்தபடி. "அவகிட்டயே இருக்கட்டும்."

அவனுக்கும் திருகாணிப் பல் வைத்துவிடுவதாக டாக்டரம்மா சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டான். "யாரு பல்லு வந்து நிக்குமோ, வேணாம்மா." கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

இப்போது அவள் வாய் நிறையச் சிரிக்கிறாள். கவுண்டரில் அவள் சொல்வது கடைசி ஆள்வரைக்கும் கேட்கிறது. மத்தியானங்களில் அவள் போன் அடிக்கும்.

"ஐஸ் தின்றியா?"

"ஆமாண்ணே."

"மெதுவாத் தின்னு. கூசுது."