நிறுத்தச் சொன்ன மாத்திரை

புருஷன் மாரியப்பனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகும் கன்னியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காராமல் நின்றாள்.

நுரையீரலின் கடைசி ஓரத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. போன மாதம் வாய் வழியே விட்ட குழாய் தடிமனாக இருந்ததால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இன்றைக்குப் பேனா ரீபிள் பருமனில் ஒன்றை விட்டு, துளி சதை கிள்ளி எடுக்கப்போகிறார்கள். புற்றா, பழைய காசநோய்த் தழும்பா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அதற்காக, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். இதய டாக்டரும் ஒப்புக்கொண்டார். மாரியப்பன் நிறுத்தினான். கன்னியம்மா நிறுத்தவில்லை. இரண்டு வருடம் முன்பு எண்ணூர்க் கரையில், வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்ததைப் பார்த்தவள் அவள். ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, ஒருநாளும் விடக்கூடாது என்று சொன்னவரும் அதே டாக்டர்தான். நேற்றுவரை அவனுக்குத் தெரியாமல் பொடித்துக் கூழில் கலந்து கொடுத்துவந்தாள்.

நிறுத்தியாச்சா என்று காலையில் நர்ஸ் ஷைனி கேட்டபோது, ஆச்சு என்றான் மாரியப்பன். பக்கத்தில் நின்றவள் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தேதி கிடைக்கவே ஐந்து வாரம். கிள்ளிய இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசியும், தானே நின்றுவிடும் என்று சொல்லி ஷைனி கையெழுத்து வாங்கினாள்.

முந்தாநாள் சவரத்தில் அவன் தாடையில் பட்ட கீறலில் ரத்தம் மதியம்வரை நிற்காதது இப்போது அவளுக்கு நினைவு வந்தது.

கதவைத் தட்டினாள். திறந்த ஷைனி, குழாய் போட்டாச்சு, போய் உட்காருங்கள் என்றாள்.

"சதைய எடுக்க வாணாம்னு சொல்லு தாயீ. மாத்திரைய நான் கூழ்ல போட்டு குட்த்துகினுதான் இருந்தேன். அந்தாளுக்குத் தெரியாது."

ஷைனி உள்ளே ஓடினாள்.

குழாய் விட்ட டாக்டரம்மா வெளியே வர வெகுநேரம் ஆனது. அவர் திட்டவில்லை. குழாய் கட்டிவரை போய்விட்டதாம். இடுக்கியைத் திறக்கப்போகும்போது நிறுத்தினார்களாம். அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து. அதற்குள் வளர்ந்துவிடுமா என்று கன்னியம்மா கேட்டாள். சொல்லத் தெரியவில்லை என்றார்.

மாரியப்பனுக்குத் தொண்டை இன்னும் மரத்திருந்தது. தான் செய்ததையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எடுக்கலியா?"

"எடுக்கல."

கண்ணை மூடிக்கொண்டான்.

"அடுத்த தபாவும் கூழ்ல போட்ரும்மே. அது இன்னான்னு தெரிய வாணாம்."

முகத்தில் சிரிப்பு இல்லை.

கன்னியம்மா எழுந்து போய் ஷைனியைத் தேடினாள். இரண்டு வாரமும் அவனை இங்கேயே படுக்கவைத்துக்கொள்ள முடியுமா, மாத்திரை உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று கேட்டாள்.